மீன் வேண்டாம், பெட்டி போதும்

களஞ்சியப் பொருள் எதுவும், அது காலிப் பெட்டியே ஆனாலும், உரியவரின் அனுமதியின்றி வெளியே போகக் கூடாது என்பது விதி. கணக்காய்வுக்குப் போன அரச களஞ்சியங்களில் இதை மதித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஒரு மீன்கடை வரிசையில் கண்டேன். எனக்கு முன்னால் நின்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் முறை வந்தது.

“மீன் வேணாம் நானா. ஐஸ் போட்டு மீன் வந்த அந்த வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி மட்டும் போதும்.”

அண்ணன் என்ற பொருளில் அவள் ‘நானா’ என்று அழைத்த மீன் வெட்டுபவர் கத்தியைக் கீழே வைத்தார். “பெட்டி என்னத்துக்கு தங்கச்சி?”

“கிளைடருக்கு ரெக்கை வெட்டணும். எஞ்சின் இல்லாம மெதக்குற சின்ன பிளேன். ரிமோட்டு, வாலைத் திருப்புற மோட்டரு எல்லாம் கொழும்புல இருந்து வந்திருச்சு. ரெக்கைக்குத்தான் லேசான சாமான் கெடைக்கல.”

“மீன் வாடைக்குக் காக்கா தொரத்துமே?”

“தொரத்தட்டும் நானா, வேகமாப் போகும்.”

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார், பெட்டியை மட்டும் நகர்த்தவில்லை.

“முதலாளிகிட்ட கேக்காம குடுக்க ஏலாது. அவர் மக்காவுக்கு உம்ரா செய்யப் போயிருக்கார். வொய்ஸ் அனுப்பிக் கேக்குறேன்.”

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் மீன் வாங்க நிற்கையில் அந்தப் பெண் வந்து, பதில் வராததால் வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

“பெட்டியக் குடு. மூடியையும் சேத்துக் குடு, வால் செய்ய வேணுமே” என்று மக்காவிலிருந்து முதலாளியின் பதில் வந்து சேர்ந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை.