வேனுக்குக் கீழே வைத்த மட்டை

பவுலினா மாமி, மீன் ரத்தம் தண்ணீரோடு போய்விடும். ஒரு வாளி ஊற்றித் தும்புத்தடியால் இழுத்தால் சீமெந்து வெளுத்துவிடும். எங்கள் முற்றத்தைக் காலையில் கழுவுகிறவள் நான் என்பதால் சொல்கிறேன்.

என் கணவரின் தம்பி, உங்கள் மருமகன் கிளைட்டன் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு அந்தப் பழைய வேனில் மீன் ஏற்றினான். ஐஸ் கரைந்து சிவப்பாகச் சொட்டாத நாளில்லை. தை மாதத்தில் இன்னொரு சிவப்பும் சேர்ந்து சொட்டத் தொடங்கியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தண்ணீரில் போகவில்லை. மீன் ரத்தத்தை மொய்க்கும் இலையான் அதில் உட்காரவில்லை. விரலால் தொட்டேன், வழுக்கியது.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். பிள்ளை இல்லாதவளுக்கு நேரம் நிறைய இருக்கும். பிஸ்கட் பெட்டி மட்டையொன்றை விரித்து வேனுக்குக் கீழே வைத்தேன். சொட்டு நடுவுக்குச் சற்று முன்னால் விழுந்தது. அந்த இடத்தில் வேனின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பவுடர் தூவினேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று உங்கள் மகள் ஜெசிக்கா வாங்கி வைத்திருந்த பவுடர். மறுநாள் பவுடர் ஓரிடத்தில் மட்டும் சிவந்திருந்தது. கியர் பெட்டியின் சிவப்பு ஒயில் ரேடியேற்றருக்குப் போகும் இரும்புக் குழாய். மீன்தண்ணீரின் உப்பு அரித்து ஊசிமுனைத் துளை விழுந்திருந்தது.

பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் இஸ்ஹாக் நானாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அரைநாள் வேலதான் புள்ள. விட்டா ஒரு நாளைக்கு எஞ்சின் உறுமும், வேன் நகராது. ஒயில எஞ்சின் ஓடக்குள்ள பாக்கணும். நிப்பாட்டிப் பாத்தா உள்ளதவிடக் கூடக் காட்டும்."

கிளைட்டன் போட் எஞ்சினில் பழகியவன். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் ஒயில் அளவுக் கம்பியை இழுப்பான். கம்பி அவனுக்கு ஒவ்வொரு நாளும் நல்ல செய்தியே சொன்னது.

ஜெசிக்கா ஒருநாள் கேட்டாள்: "கீழ ஒயில் மாதிரிக் கிடக்கே?"

"மீன்காரன் பொஞ்சாதிக்கு மீன் ரத்தம் தெரியல்லையாம்," என்று கிளைட்டன் சிரித்தான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மீன் ரத்தந்தான். நான்தானே கழுவுறன்," என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பிறகு, மூன்றாவது பிறந்தால் எனக்குத் தருவதாக உங்கள் மகள் தலவில் கோயிலில் அன்னம்மாள் முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் சொன்னாள். ஏழாம் மாதத்தில், "அது பகிடிக்குச் சொன்னதக்கா," என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்னம்மாளுக்கு முன் நேர்ந்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஜெசிக்காவுக்கு வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கிளைட்டன் அவசரத்திலும் கம்பியை இழுத்துப் பார்த்தான். "நிறையக் கிடக்கு அண்ணி." நான் தலையாட்டிவிட்டு ஜெசிக்காவோடு ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நுரைச்சோலை தாண்டியதும் எஞ்சின் உறுமியது, வேன் நின்றது. ஜும்ஆத் தொழுகை நேரம். இஸ்ஹாக் நானா போன் எடுக்கவில்லை. தெருவில் ஒரு வாகனம் இல்லை. வண்டி பிடிக்கக் கிளைட்டன் வந்த வழியே திரும்பி ஓடினான்.

அவன் போய்ப் பத்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. நான்தான் கையில் ஏந்தினேன். என் சீலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு வெயில் படாமல் வேனின் நிழலில் வந்து நின்றேன். உள்ளே ஜெசிக்கா, "அக்கா, ரத்தம் நிக்குதில்ல," என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு முச்சக்கர வண்டி வந்தது. தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து அதை ஓட்டிவந்த பையன், வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். சீற்றில் படுத்திருந்தவள் அவனுக்குத் தெரியவில்லை.

"வேன் நிண்டுட்டாக்கா? ஏத்திட்டுப் போகட்டா?"

"வேணாம் தம்பி. இப்ப ஆள் வரும்."

"பச்சப் புள்ள. உங்கட புள்ளையா?"

"ஓம்," என்றேன்.

அவன் போய்விட்டான். வேனுக்குக் கீழே சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது எதுவென்று விரலால் தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கிளைட்டன் வண்டியோடு வந்தபோது அதன்பின் நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. அரை மணி முந்தி வந்திருந்தால் ஜெசிக்கா பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

ஞாயிறுதோறும் வந்து, வேனில் என்ன பழுது என்று கேட்கிறீர்கள். இதுதான் பழுது. பேரனைத் தரும்படியும் கேட்கிறீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள் மாமி. அவன் என் கையில் பத்திரமாக இருக்கிறான். என் கணவர் கில்பட் இப்போது வேறு வேன் எடுத்திருக்கிறார். காலையில் அதற்குக் கீழே மட்டை விரிக்கிறேன். எஞ்சினை ஓடவிட்டுத்தான் ஒயில் பார்க்கிறேன். ஒரு தாய் இதையெல்லாம் கவனிக்கத்தானே வேண்டும்.