உப்பளத்துக் கையை உயர்த்திய மின்னோட்டம்

மிரட்டும் மின்னை மருந்தாக்கிய மாண்பே! துவண்ட தசையைத் துளிர்க்கச் செய்த தூயவரே! மரக்காணத்து உப்பளமும் மீனவர் குப்பமும் நன்றியோடு நினைக்கும் இயன்முறை மருத்துவர் அருள்மொழி அம்மையீர்! வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணியை முழுதும் உரைக்க ஒரு மடல் போதாது. ஆகவே ஒரு கையைப் பற்றி மட்டும் உரைக்கிறோம்.

உப்பு வாரும் கொளஞ்சியம்மாள் வரப்பில் வழுக்கி விழுந்து, நரம்பு நசுங்கி, வலது மணிக்கட்டு தொங்கிய நிலையில் நம்மிடம் வந்தார். கை எழாவிட்டால் அவருக்கு உப்பளமும் இல்லை, உலையும் இல்லை. ஆயினும் மின்சிகிச்சை என்றதுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நீரிறைக்கும் மோட்டாரில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர்.

"எங்க வூட்டுக்காரரத் தூக்கி அடிச்சது அந்தக் கரண்ட்டுதாங்க. அதப் போயி என் கையில வெக்கறேங்கறீங்களே."

தாங்கள் விளக்கவுரை ஆற்றவில்லை. மின்னைச் செலுத்தும் பட்டைகளைத் தங்கள் முன்கையில் ஒட்டிக்கொண்டு, மின்னளவைக் கூட்டும் குமிழை அவரது இடக்கையில் கொடுத்தீர்கள். அவர் மெல்லத் திருகத் தங்கள் விரல்கள் தாமாகத் துள்ளின. மேடத்தையே தாம் ஆட்டிவைப்பதாகச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் அச்சம் அகன்றது.

அச்சம் அகன்றதும் ஆவல் அளவு மீறியது. மறுமுறை அவர் உப்புப் பாத்தி நீரில் கையை முக்கிக்கொண்டு வந்தார். உப்புநீரில் மின்சாரம் விரைந்து பாயும், கையும் விரைந்து எழும் என்பது அவர் எண்ணம். முழங்கைவரை வெள்ளை பூத்திருந்ததைக் கண்டு கருவியை அணைத்தீர்கள்.

"வெடிச்ச தோல்ல உப்பு இருந்தா, கரண்ட் அங்கயே குத்திப் புண்ணாக்கிடும்மா. நல்ல தண்ணில கழுவிட்டு வாங்க. நான் எங்கயும் போகல."

அன்று வாசலில் வைத்த தண்ணீர்த் தொட்டி இன்றும் இருக்கிறது. கழுவாத கைக்கு இன்றளவும் நம் கருவி இயங்குவதில்லை. தங்கள் கண்டிப்பையும் நாங்கள் அறிவோம்: பட்டைகளைத் துடைக்காமல் வைத்தவர் எவரும் இரண்டாம் முறை அப்பிழையைச் செய்ததில்லை. கொளஞ்சியம்மாளிடம் மட்டும் அன்று அந்தக் குரல் உயரவில்லை.

மின்னோட்டம் தசையை எழுப்பியது. தாங்கள் சலிக்காது செய்வித்த பயிற்சி அதைப் பழக்கியது. அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் உப்பு வாரினார்.

எங்கும் போகவில்லை என்ற சொல்லை, பணி ஓய்வு பெறும் இன்றுதான் முதன்முறையாக மீறுகிறீர்கள். பொறுத்தருள்கிறோம். நோய் அணுகாத உடலும், நிறைந்த உறக்கமும், நீண்ட ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

தங்களுக்கு மாலை சூட்டவிருப்பவர் தலைமை மருத்துவர் அல்லர். தொட்டியில் கை கழுவிவிட்டு, மாலையோடு முன்வரிசையில் காத்திருக்கும் கொளஞ்சியம்மாளே. சற்றே தலை தாழ்த்துங்கள், அம்மையீர். பட்டையும் இன்றி, கம்பியும் இன்றி, அந்தக் கை இதோ எழுகிறது.

என்றும் தங்கள் அன்புக்குரிய
இயன்முறை சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்
மரக்காணம்