யோசிச்சு முடிக்கதுக்குள்ள

“ஒனக்க யோசனைதான் என்னை மாட்டிவிட்டது, கேட்டியா?”

குலசேகரத்திலிருந்து வந்த பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். சன்னலோரத்தவள்தான் சீறினாள். ஐந்தாம் வகுப்போடு நின்று, ரப்பர் ஷீட் வியாபாரத்தில் மூன்று கடை போட்டவன் நான். படித்தவர்கள் சண்டையென்றால் காது தானாக நீளும்.

“பரீச்சை ஹால்ல காலடியில கெடந்த பிட்டை நான் எடுத்தது தப்புதான். சார் பாக்கும்ப அது எனக்க கையில. ஆனா எறிஞ்சது யாருன்னு நீ கண்டல்லா?”

“கண்டேன்.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல?”

“சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன் மக்கா. நீதான் ஒண்ணும் யோசிக்காம குனிஞ்ச.”

“நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள பேப்பரைப் பிடுங்கிட்டாவ. இன்னைக்கு விசாரணை. எனக்க படிப்பு போச்சுன்னா நீயா தருவ?”

கல்லூரி நிறுத்தம் வந்தது.

“இப்பமாவது வந்து சொல்லுவியா?”

“கொஞ்சம் பொறு ஏட்டி.”

“பொறுக்காண்டாம். நீ நாகர்கோவில் வரை யோசிச்சிட்டே போ.”

அவள் மட்டும் இறங்கினாள். வண்டி கிளம்பியது. நானாக இருந்தால் ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்திருப்பேன். இவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி, அடுத்த நிறுத்தத்திலும் எழவில்லை.