பெரிய சில்லு போட்ட கெப்

“ஹலோ... ஓம், நான்தான். ... என்ன சங்கிலி? ... கெப் இழுக்கிற சங்கிலியா? ... என்னத்துக்குடா இப்ப அது? கெப் சேத்துக்குள்ள இறங்கிட்டா?”

உம்மு அஸர் தொழுது எழும்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். தம்பி றிஸ்மி வரிப்பத்தான்சேனை வயல் வாடிக் குடிசையிலிருந்து போன் எடுத்திருந்தான். சாய்ந்தமருதிலிருந்து மீன் ஏற்றிப்போய், திரும்பும்போது நெல் ஏற்றிவரும் பழைய டீசல் கெப் வண்டி அவனுடையது. நேற்று அதைத் துடைத்து, உள்ளே கிடந்த சாமான்களை ஒதுக்கி வைத்தவள் அவள்தான். சங்கிலி இருக்கும் இடத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அப்போது போனுக்குள் எதுவோ காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து சதையில் விழும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு மனிதனின் அலறல்.

“றிஸ்மி! ஆருடா அது கத்துற? ... ஆருக்கு அடிக்கிறாய்? ... கிருஷாந்தனுக்கா? நம்மட ட்றைவர் கிருஷாந்தனுக்கா? ... பொறு, பொறு. கத்தாமக் கதை. ... ஓம்... ஓம்... டீசல் களவா? ... ஆர் செல்லிற? ... நீ கண்டயா? உண்ட ரெண்டு கண்ணால கண்டயா?”

அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். கிருஷாந்தனை வாடித் தூணில் கட்டியிருக்கிறார்களாம். கூட்டாளி பர்ஹான் அவனுடைய தலையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு நிற்கிறானாம். கெப் ஆசனத்துக்குப் பின்னால் கிடந்த றப்பர் குழாய் டீசல் மணக்கிறதாம். அதே குழாயால்தான் அடி. திமிறிய திமிறலில் கயிறு ஒன்று அறுந்துவிட்டதாம்.

“அதுக்குச் சங்கிலியா? ... மனிசனைச் சங்கிலியால கட்டப் போறயா? ... எங்க இரிக்கெண்டு எனக்குத் தெரியும் றிஸ்மி. செல்லமாட்டன். ... ஏசு. நல்லா ஏசு. என்னப் பெத்தவதான் உன்னயும் பெத்த, நீ ஏசிறதில பாதி உனக்குத்தான் வந்து சேரும். ... ஏய்! அடிக்காத! ... போனக் காதில வைச்சிக்கிட்டே அடிக்கிறயா? அல்லாஹ்வே! ... இல்ல, வைக்கமாட்டன். நீ வைச்சா நான் திருப்பி எடுப்பன். எடுத்துக்கிட்டே இரிப்பன்.”

அவள் வேறு யாருக்காவது சொல்வதென்றால் இந்த அழைப்பை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தக் குழாய்க்கும் கிருஷாந்தனுக்கும் நடுவில் எதுவுமே இருக்காது. தம்பியை அவளுக்குத் தெரியும். வாய் வேலை செய்யும்போது அவனுக்குக் கை ஓடாது. சின்ன வயதிலேயே அப்படித்தான். அந்தக் கெப்பைப் பற்றிக் கதைக்கக் கிடைத்தால் அவனுக்குச் சோறும் வேண்டாம்.

“சரி, செல்லு. எவ்வளவு டீசல் குறையுது? எனக்கு விளங்கிற மாதிரி ஆறுதலாச் செல்லு. ... ஓம்... முந்தி லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர்... ஓம், ஓம்... சாமான் ஏத்தினாலும் ஒன்பதுக்குக் குறையாது... இப்ப? ... எட்டே முக்கி முனகித்தானா? ... என்ஜின் பழசுதானே மனே. ... சரி, சரி, பழைய டீசல் என்ஜின் இரும்பு. ஓம். புதுசுகள் மாதிரி கொம்பியூட்டர் பழுதாகி நடு ரோட்டில நிக்காது. ஓம், கேட்டிரிக்கன், உண்ட கலியாணத்திலயும் அதத்தான் கதைச்சுக்கிட்டு இரிந்தாய். ... பம்ப் செய்தாச்சு... பில்டர் புதுசு... கறுத்தப் புகையும் இல்ல... அதனால என்ஜின் குடிக்கல்ல, ட்றைவர் குடிக்கிறான்?”

அவன் குரல் மறுபடி ஏறியது. மண்ணில் ஆட்கள் இழுபடும் சத்தம். கிருஷாந்தன் இருமினான், இருமலோடு ஏதோ துப்பினான்.

“ரத்தமாடா துப்புறான்? ... றிஸ்மி, நான் கேக்கிறதுக்குப் பதில் செல்லு. அந்தக் குழாய் ஆர் வைச்ச? ... நீதானே! டீசல் கிடைக்காத காலம் கலனில இருந்து கெப்புக்கு ஊத்திறதுக்கு நீ வாங்கி வைச்சது. டீசல் வரிசையில கெப்புக்குள்ளயே நாள்க்கணக்கில படுத்துக் கிடந்தவன் ஆர்? நீயா? ... அங்கதான் களவு பழகினானா? அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவு.”

குழாய் விழுந்தது. ஒன்று. இன்னொன்று. உம்மு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அல்லாஹ்விடம் கேட்ட துஆ சின்னது: தம்பியின் கை ஓய வேண்டும்.

“அடிச்சது போதும்! ... இன்னும் ஒரே ஒரு கேள்வி, மறுகா நீ என்னத்தையும் செய். ... எப்ப இருந்து குறையத் தொடங்கின? ... விதைப்புக்குப் புறகா? ... ஏத்தத்தில இழுவையும் மட்டமா? முந்தி அதச் செல்லல்லையே நீ. ... விதைப்புக்கெண்டுதானே பெரிய சில்லு போட்ட? சேத்துக்குள்ள புதையாம இரிக்கட்டுமெண்டு? ... ஓம், சில்லுதான். ... சில்லுக்கும் டீசலுக்கும் என்னவா? கேளு.

“போன வெள்ளிக்கிழமை மாமியப் பாக்க கிருஷாந்தன்தான் உண்ட கெப்பில என்ன அங்க கூட்டி வந்தவன். எனக்கு வாகனத்தில சத்தி வாறது தெரியும்தானே. மீற்றர் இலக்கத்தப் பாத்துக்கிட்டு ஸலவாத்து ஓதிக்கிட்டு வாறதான் எண்ட பழக்கம். இருபத்திரண்டு கிலோமீற்றர் மாறினா மாமிட வாசல். எத்தின வருஷமா அப்பிடி. அண்டைக்கி இருபது மாற முந்தியே வாசல் வந்திட்டு. ... பகிடி இல்ல. வேளைக்கி வந்திட்டமெண்டு எனக்குச் சந்தோஷம். ... றிஸ்மி, ரோட்டு சுருங்கிற சாமானா?”

போனுக்குள், தூரத்து வயலில் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“மீற்றருக்கு ஊர் தெரியாதுடா. சில்லு சுத்திறதுதான் தெரியும். ... சின்னப் புள்ளட சைக்கிளும் உண்ட சைக்கிளும் ஒரு சுத்துக்கு ஒரே தூரமா போகும்? ... ஆ! அப்ப? கெப் போன தூரம் கூட, மீற்றர் காட்டினது குறைய. ஓடின ரோட்டையே நீ ஓடல்லையெண்டு வைச்சிக்கிட்டு மனிசனுக்கு அடிக்கிறாய். ... மிச்சமா? மிச்சத்த அந்தப் பாரச் சில்லும் வயல் சேறும் குடிச்சிரிக்கும். ... நான் என்ன மெக்கானிக்கா? மெக்கானிக்கிட்டக் கேட்டுப்போட்டு அடிச்சிரிக்கலாமே. கேட்டயா? ... கேட்கல்ல.”

பர்ஹான் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அவன் கையை எடுத்துவிட்டான் போலிருந்தது. இனி முடிந்தது என்று உம்மு மூச்சு விட்டாள். ஆனால் பிழை தன்னுடையது என்று தெரிந்த அந்த நேரத்தில்தான் றிஸ்மிக்கு வெறி தலைக்கேறியது. வெட்கத்தை இறக்கி வைக்க அவனுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

“என்ன? ... அப்ப அவன் ஏன் வாய் திறந்து செல்லல்லையெண்டா கேக்கிறாய்? ... அவனுக்கு என்னெண்டு தெரியும்? ... அதுக்கும் அடியா? றிஸ்மி! ... றிஸ்மி, வேணாம்! ... என்னடா எடுக்கிறாய், இரும்புக் கம்பியா? ... அதக் கீழ போடு! போடுடா!”

காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. அலறலே இல்லை. அலறல் வராததுதான் அவளைக் கொன்றது.

“என்ன அது? ... என்னடா முறிஞ்ச? ... கையா? ... அழாத. இப்ப ஏன் நீ அழுறாய்? அழ வேண்டியவன் அவன். ... மூச்சு இரிக்கா? ... கண் திறக்கிறானா? ... அல்ஹம்துலில்லாஹ். ... கேளு, நான் செல்லிறதச் செய். முதல்ல அவனை அவிழு. ... பர்ஹான் இல்ல, நீ. உண்ட கையால. ... கைய அசைக்காம, நேராப் பிடி. ஒரு பலகையோட சேத்துக் கட்டு. ... தண்ணி இரிக்கா? ... குடு. ... வாய் திறக்கிறான் இல்லையா? அப்ப வாயத் துடைச்சி விடு. ... உண்ட சாரனால. ... ரத்தம் பிரளும்தான், பிரளட்டும்.”

கொஞ்ச நேரம் துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அடித்த அதே கை இப்போது மெல்ல வேலை செய்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. யாரோ மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்தார்கள்.

“குடிச்சிட்டானா? ... நல்லம். கெப்பில ஏத்து. கல்முனைக்கே கொண்டு வா, நானும் ஆசுபத்திரிக்கு வாறன். ... என்ன செல்லப் போறாயெண்டா? ... கெப்பில இருந்து விழுந்தானெண்டா? ... அப்பிடிச் செல்லச் சொல்லி ஆர் செல்லிற? பர்ஹானா? ... திருப்பிச் செல்லு. ... கிருஷாந்தனா?”

அவள் பாயின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அவனே செல்லிறானா? ... தமிழாக்கள்ட ஊருக்கும் நம்மட ஊருக்கும் நடுவில பிரச்சினை வரப்படாதெண்டு? ... கை முறிஞ்சு கிடந்துக்கிட்டு அவன் உன்னக் காப்பாத்துறான். ... ஓம். ஓம். கேக்குது, நீ தேம்புறது எனக்குக் கேக்குது. ... இல்ல றிஸ்மி. அவண்ட பெருந்தன்மை அவனோட இரிக்கட்டும், நீ அதுக்குள்ள போய் ஒளியாத. டொக்டர் கேட்டா, நான் அடிச்சன் எண்டு செல்லு. பிழையா நினைச்சு அடிச்சன் எண்டு செல்லு. ... பொலிஸ் வந்தா வரட்டும். நான் உனக்குப் பக்கத்திலதான் நிப்பன், சோறும் கொண்டு வருவன். ... ஆனா நீ செல்லாட்டி நான் செல்லுவன். வல்லாஹி, செல்லுவன்.”

கதவு அடிபட்டது. பழைய என்ஜின் ஒருமுறை இருமி, பிறகு உறுமிப் பிடித்துக்கொண்டது.

“மெல்ல ஓட்டு. பள்ளம் பாத்து ஓட்டு, ஒவ்வொரு குலுக்கமும் அவண்ட கையிலதான் விழும். ... ஓம், பர்ஹான் பின்னால அவனைத் தாங்கிக்கிட்டு வரட்டும். ... றிஸ்மி, நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் செல்லல்ல. ... ஹலோ? ... செல்லுவயா மனே? ... செல்லுவயா?”

என்ஜின் சத்தத்தோடு லைன் அறுந்தது.

உம்மு திருப்பி எடுக்கவில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு, அந்தக் கெப்புக்கு முதல் தான் அங்கே போய் நிற்க வேண்டுமென்று தெருவில் இறங்கி, வந்த ஓட்டோவைக் கை நீட்டி மறித்தாள்.