பின்னறைவரை எட்டும் சிக்னல்

வீட்டில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, ரௌட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வெளியே, உயரமாக வைப்பது. பாதிப் பேர் அதைச் செய்வதில்லை, டீச்சர். பார்க்க அழகாக இல்லை என்று துணி போட்டு மூடிவிட்டு, அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். நாங்கள் அதையெல்லாம் செய்து பார்த்தோம். எங்கள் வீட்டில் கோளாறு ரௌட்டரில் இல்லை, சுவரில். ஒன்றரை அடிக் கனம். முன்னறையில் நாலு கோடும் நிற்கும். நடையில் இரண்டாகும். இரண்டு படி ஏறிப் பின்னறைக்குள் போனால் ஒன்றும் இருக்காது. சாதாரணப் போன் பேச்சுக்குக்கூட அங்கே டவர் எடுக்காது. தம்பி இருந்தது அந்த அறையில்.

வியாழக்கிழமை அவன் போய்விட்டான் என்று வாசலில் நான் சொன்னதும் நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். இரண்டு வாரமாக ஏன் ஒரு பதிலும் போடவில்லை என்று. நியாயமான கேள்வி. டாக்டர் கேட்கவில்லை, சொந்தக்காரர்களும் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவர் நீங்கள், உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. உட்காருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் லாரி இடித்தது. அதுவரை அவன் நில அளவைக்காரன், ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் நடக்கிற கால். அதற்கப்புறம் நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நன்றாக இருந்தன. குரலும் இருந்தது. அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போது கல்யாணத்துக்கு ஒரு இடம் முடிவாகியிருந்தது, அது தானாக நின்றுபோனது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்று சொல்கிறேன்.

காலையில் அவனைத் துடைத்து, புரட்டி, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்து, சிறுநீர்க் குழாயும் பையும் சரிசெய்து, நாற்காலியில் தூக்கி உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பல் செட் செய்யும் பட்டறை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கிச் செதுக்குவது என் வேலை. ஒரு மயிரிழை உயர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் புண்ணாகிவிடும். பொறுமை வேண்டும். என்னிடம் அது நிறைய உண்டு.

உங்கள் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அவன் பாடம் படித்துப் பதிவுசெய்ய ஆரம்பித்தபோது, சிக்னலை வாங்கித் தள்ளிக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் பெட்டி எங்களிடம் கிடையாது. நான் வேலை முடிந்து வந்ததும் போனை நீட்டுவான்.

“அக்கா, இதக் கொண்டுபோய் அனுப்பிட்டு வா. பாதியில கட் ஆகாமப் பார்த்துக்க.”

ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று, நீலக் கோடு ஓடி முடியும்வரை காத்திருப்பேன். நீங்கள் போட்டிருக்கும் நன்றியைப் படித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவனுக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

எக்ஸ்டெண்டரை வாங்கியதே நான்தான், டீச்சர். அவன் கேட்கவில்லை. அதை மறந்துவிடாதீர்கள்.

பொருத்த வந்தவர் ஆறடிக்கு மேல் உயரம். தம்பி அவரைப் பார்த்ததும் டவர் என்று பெயர் வைத்துவிட்டான். “டவரே வீட்டுக்குள்ள வந்திருச்சு, இனிமே எக்ஸ்டெண்டர் எதுக்குக்கா?” என்றான். அவரும் சிரித்துவிட்டார். நான் பின்னறையில்தான் பொருத்தச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“சிக்னல் வராத இடத்துல மாட்டினா இது எதம்மா இழுத்துக் கொடுக்கும்? நல்லா எடுக்கற இடத்துக்கும் எடுக்காத இடத்துக்கும் நடுவுல வைக்கணும். அங்க இருந்து வாங்கி இங்க கொடுக்கும், அவ்வளவுதான்.”

போனைக் கையில் பிடித்து வீடெல்லாம் நடந்து பார்த்தார். நடுவிடம் என்று அவர் கண்டுபிடித்தது என் அறை. என் கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக். பச்சை விளக்கு எரிந்தது. பின்னறையில் தம்பி, “மூணு கோடுக்கா! மூணு கோடு!” என்று கத்தினான். போவதற்கு முன்னால் டவர் என் போனில் ஒரு ஆப்பையும் போட்டுக்கொடுத்தார். வீட்டில் எந்தெந்தக் கருவி நெட்டில் இருக்கிறது என்று பட்டறையில் இருந்தே பார்க்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். எக்ஸ்டெண்டர் வந்த பிறகு அவரை நிறுத்தினோம். ஏதாவது ஒன்று என்றால் நெட் வழியாக எனக்கே கூப்பிடலாம், பட்டறையிலிருந்து வீடு எட்டு நிமிட நடை. பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குழாய் அடைத்துக்கொண்டால் அவனுக்கு வயிறு வலிக்காது. ரத்த அழுத்தம் ஏறித் தலை பிளக்கும், முகம் வியர்த்து வழியும். உடனே படுக்க வைத்துக் குழாயை மாற்ற வேண்டும், தாமதித்தால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு முறையும் கூப்பிட்டான், இரண்டு முறையும் ஓடிவந்து மாற்றினேன்.

அப்புறம் நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். முதலில் பாடத்தைப் பற்றி. பிறகு பிள்ளைகளைப் பற்றி. பிறகு எதைப் பற்றி என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்காது. அவன் சிரிப்பது மட்டும் கேட்கும். அடிபட்ட பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் போட்ட தேநீர் ஆறிப்போயிருக்கும். கோப்பையை எடுக்கப் போனால், “டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா” என்பான். எல்லாப் பேச்சும் அப்படித்தான் தொடங்கும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். துணி தேய்க்க வேண்டியிருந்தது, பிளக் வேண்டும் என்று எக்ஸ்டெண்டரைப் பிடுங்கினேன்.

“அக்கா! அக்கா, லைன் போச்சு! இங்க வாயேன்!”

போனேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் முதல் மாதம் என்னை அப்படித்தான் பார்ப்பான். “பயப்படாதடா, அக்கா பார்த்துக்கறேன்” என்றேன். திரும்பச் செருகினேன். “நீ இல்லன்னா எனக்கு யாருக்கா” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

பிறகு ஆப்பை எடுத்தேன். வாரத்தில் ஒரு முறை, பேச்சு ரொம்ப நீண்டால் மட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தியதில்லை. எந்த நேரமும் காதில் போனை வைத்திருந்தால் அவனுக்கும் தலை வலிக்கும். டவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான் தம்பி. அவர் அரை மணி நேரம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு என் அறை வாசலில் நின்றார்.

“பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு. யாரோ வேணும்னே நிறுத்தி நிறுத்திப் போடற மாதிரி இருக்கு.”

“பிளக் லூஸா இருக்கும்,” என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிளக்கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“டீச்சர் ஸ்கூல் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்காங்க. எங்கயும் படியே கிடையாதாம். நாற்காலியில வாசல் வரைக்கும் நானே போய்க்கலாமாம். அங்கேயே இருந்து படிச்சுக் கொடுக்கலாம், மாசச் சம்பளம் வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க. அப்புறம்... ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்னு நினைக்கறோம்க்கா.”

கத்தியைக் கழுவினேன்.

“உனக்கும் ஒரு ரூம் இருக்கு,” என்றான். “டீச்சர் முதல்லயே அதத்தான் கேட்டாங்க. அக்காவுக்கு ரூம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வீட்டையே பார்த்தாங்களாம்.”

அது உங்கள் நல்ல மனசு. “பார்க்கலாம்டா, தலைய ஆட்டாத” என்றேன். ஒரு கீறல்கூட விழாமல் மழித்து முடித்தேன். மறுநாள் காலையிலிருந்து அவன் போனுக்கு நெட்டை நிறுத்திவிட்டேன்.

எக்ஸ்டெண்டர் பழுதாகிவிட்டது என்றேன். டவர் ஊரில் இல்லை என்றேன். பகலில் வந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை, நான்தான் மதியம் ஒரு நடை வந்து பார்க்கிறேனே. பழையபடி மாலையில் அவன் போனை என்னிடம் கொடுத்தான். பழையபடி நான் முன்னறைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஆப்பில் அவன் போனுக்கு நெட்டைத் திறந்துவிட்டால் உங்கள் மெசேஜ் எல்லாம் வந்து விழும். எல்லாவற்றையும் படித்தேன், டீச்சர். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறீர்கள். படித்துவிட்டு அழிப்பேன். அவன் உங்களுக்குப் பேசிப் பதிவுசெய்து வைத்திருந்ததையும் அழிப்பேன். அதை நான் கேட்டதில்லை. அது நாகரிகம் இல்லை.

“ஒண்ணும் வரலைடா,” என்பேன்.

முதலில், வேலை இருக்கும் என்றான். பரீட்சை நேரம் என்றான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ கேட்டான்: “நான் ஏதாவது அதிகமாப் பேசிட்டேனாக்கா? அவங்க வீட்டுல யாராவது கேட்டிருப்பாங்க. இப்படி ஒருத்தன எப்படின்னு... கேக்கத்தானே செய்வாங்க.” பிறகு அழுதான். அவனால் குனிந்து அழ முடியாது, மல்லாந்து படுத்தபடிதான் அழுவான். அதனால் முகம் நேராக இருக்கும், கண்ணீர் காதுப் பக்கம் போகும். துடைத்துவிட்டேன். தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிக்கொண்டே இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். நான் எழுந்திருக்கவே இல்லை.

அந்த நாட்களில் எனக்காகப் புத்தகம்கூடப் படித்தான். எனக்கு மட்டும். உங்களுக்குப் பொறுத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

புதன்கிழமை மாலை உங்கள் மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், வேண்டாம் என்று அவனே தன் வாயால் சொன்னால் திரும்பிப் போய்விடுகிறேன் என்று. அதையும் அழித்தேன்.

வியாழக்கிழமை காலை அவன் பையில் நீர் குறைவாக இருந்தது. கலங்கலாகவும் இருந்தது. பார்த்தேன். மாலையில் குழாயை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஆப்பில், நிறுத்தி வைத்த போன் நெட்டைத் தேடினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். தினமும் இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டு அடங்கும். பட்டறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். அவன் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அன்றைக்குப் பத்தே முக்காலுக்கு மினுக்க ஆரம்பித்தது, அடங்கவில்லை. மேல்வரிசை முன்பல் நாலையும் வைத்து முடிக்கும்வரை மினுக்கியது. பக்கத்து மேசைக்காரி, “யாரோ விடாமத் தேடறாங்க போலயேக்கா” என்றாள். தம்பி விளையாடுகிறான் என்றேன்.

உங்களுக்காகத்தான் தவிக்கிறான் என்று நினைத்தேன். போலீஸ் கேட்டால் அப்படித்தான் சொல்வேன், அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கிறீர்கள். காலையில் பார்த்த பை எனக்கு ஞாபகம் வந்தது, டீச்சர். ஞாபகம் வந்த பிறகும் புள்ளியைப் பார்த்தேன். ஒரு விரலால் தொட்டால் போதும், அவன் பேசிவிடுவான். பேசினால் எனக்குப் பேசுவானா, உங்களுக்குப் பேசுவானா என்றுதான் யோசித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தச் செட்டுக்கு மெருகு போட வேண்டியிருந்தது, போட்டேன். திருப்பிப் பார்த்தபோது புள்ளி நின்றிருந்தது. மதியம் வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

நாற்காலி பின்னறைப் படியில் கவிழ்ந்து கிடந்தது. கீழே இறங்க வைக்கும் சாய்வுப் பலகை சுவரில் சாத்தியிருந்தது, அது அவனுக்கு எட்டாது. பலகை இல்லாமலே இறங்கப் பார்த்திருக்கிறான். நடையில் குப்புறக் கிடந்தான். வலது கை மட்டும் முன்னறைப் பக்கம் நீண்டிருந்தது, போன் அதில் இருந்தது. இன்னும் நாலடி நகர்ந்திருந்தால் நெட் இல்லாமலே சாதாரணமாகப் பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடைத்திருக்கும். முகம் நனைந்திருந்தது. குழாயை மாற்றினேன். அப்போது அதில் அர்த்தம் இல்லை என்று தெரியும், ஆனாலும் மாற்றினேன். மூளையில் ரத்தக் கசிவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வருவதுதான், இத்தனை வருடம் வைத்துக் காப்பாற்றினதே பெரிய விஷயம் என்றார்.

இதைக் கொன்றது என்று நீங்கள் சொல்வதாக இருந்தால் சொல்லலாம். நானே வந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். அழாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். அவன் போன் இதோ. வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். போய்ச் சேராத அழைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பத்து நாற்பத்து மூன்றிலிருந்து பதினொன்று இருபதுவரை. மொத்தம் பதினேழு. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். பதினேழும் எனக்குத்தான், டீச்சர். உங்களுக்கு ஒன்றுகூட இல்லை.