பேர் எழுதாத தாள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எழுதித் தர ஆள் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. தாளும் பேனாவும் கொடுத்தீர்களே, அது போதும்.

நான் தம்புசாமி. இருபத்தாறு வருஷம் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். இடுப்பு விட்டுப்போன பிறகு, கிள்ளானில் பரமேஸ்வரன் சார் நடத்தும் டியூஷன் சென்டரில் ஜாகா வேலை, காவல்காரன்தான். கேட்டைத் திறப்பது, நாற்காலி அடுக்குவது, கழிவறை கழுவுவது, எல்லோரும் போனதும் பூட்டுவது. ஐம்பது வயது வரைக்கும் எனக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். என் மனைவி தவறிய வருஷம், என் மகள் லோகேஸ்வரிக்குப் பத்து வயது. அவள்தான் என்னை உட்காரவைத்து எழுதச் சொல்லித் தந்தாள். மேல்வரி அவள் எழுதுவாள், கீழ்வரி நான் எழுதுவேன். ஒரு வருஷத்தில் எது மேல்வரி எது கீழ்வரி என்று அவளுக்கே தெரியாமல் போனது. எனக்கென்று தனியாக ஒரு கையெழுத்து கிடையாது. பிள்ளையின் கையெழுத்துதான் என் கையெழுத்து.

இந்த வருஷத் தொடக்கத்தில் என் சிகரெட் குறைய ஆரம்பித்தது. நான் கிராம்புச் சிகரெட் பிடிக்கிறவன், பதினாலு வயதில் காப்பார் எஸ்டேட்டில் பழகினது. காலையில் பெட்டியில் பதினொன்று இருந்தால் மத்தியானம் ஒன்பது இருக்கும். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் தினமும் அவளோடு படிக்க சுதர்சினி என்று ஒரு பெண் வருவாள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற விநாயகமூர்த்தி ஐயாவின் மகள். அவளுக்கும் பதினேழு வயது. என் சந்தேகம் நேரே அவள்மேல் போனது.

ஒருநாள் இரண்டு பேரும் சமையலறையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தலையில என்னா வாசம்?" என்று மகளைக் கேட்டேன்.

"ஷாம்பூ லா பா."

"ஷாம்பூல கிராம்பு போடுறானுங்களா?"

"இப்ப எல்லாத்துலயும் போடுறாங்க பா. டூத்பேஸ்ட்ல கூட இருக்கு."

"அங்கிள், நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்," என்றாள் சுதர்சினி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி ஆரம்பித்த சிரிப்பை மற்றவள் முடித்துவைத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வெளியே போவதுபோலக் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நிற்பேன். துணி காயப்போடும் பால்கனியைக் கீழேயிருந்து பார்ப்பேன். ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். பேச்சே இருக்காது. பிடித்து முடித்த பிறகும் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டே இருப்பார்கள்.

நான் கண்மூடித்தனமான ஆள் இல்லை, ஐயா. டியூஷன் சென்டருக்குப் பின்னால் பையன்கள் வேப் என்ற மின்சிகரெட் இழுப்பார்கள். காசில்லாதவன் என்னிடம் வந்து, "அங்கிள், ஒண்ணு இருக்கா?" என்பான். கொடுத்திருக்கிறேன். ஆம்பளைப் பிள்ளை, இழுப்பான், கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவான். நான் விடவில்லை, அது வேறு விஷயம்.

மார்ச் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து குணேஸ்வரி என்ற பெண் வந்தார். இளவட்டங்கள் ஏன் புகைக்கிறார்கள், எந்த மாதிரிப் பிள்ளைகள் அதிகம் புகைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். மலாயிலும் தமிழிலும் அச்சடித்த தாள் கொடுத்தார். "பேர் எழுதாதீங்க. உங்க அப்பா அம்மாவோ சாரோ யாரும் இதப் படிக்கமாட்டாங்க. இது என் வாக்கு," என்றார். வீட்டாரிடம் கையெழுத்து வாங்கும் ஃபாரம் ஒன்று முன்கூட்டியே வந்திருந்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன். எழுதி முடித்த பிள்ளைகள் தாளை மடித்து ஒரு பெட்டியில் போட்டார்கள். பெட்டியை நாடா போட்டு ஒட்டினார். அவர் காரில் ஏதோ கோளாறு, ரயிலில் போக வேண்டியதாகிவிட்டது. "அண்ணே, நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கிறேன், பத்திரமா வச்சிருங்க," என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னை நம்பிக் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து பெட்டியை வெந்நீர் ஆவியில் காட்டினேன், நாடா கிழியாமல் வந்தது. நாற்பத்தொரு தாள். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் படித்தது அதுதான். பதினான்கு பேர் புகைக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்ட இடத்தில் பையன்கள் ஸ்டைலுக்கு, டென்ஷனுக்கு, கூட்டாளி கூப்பிட்டான் என்று கிறுக்கியிருந்தார்கள். ஒருத்தன் 'ஜாகா அங்கிள் ஓசியில் தருவார்' என்று எழுதியிருந்தான். சிரிப்பு வந்துவிட்டது.

முப்பதாவது தாளிலோ என்னவோ, என் கையெழுத்து இருந்தது.

யாரை விரும்புகிறாய் என்ற கேள்விக்கு ஆண், பெண், இருவரும், சொல்ல விருப்பமில்லை என்று நாலு கட்டம். பெண் என்ற கட்டத்தில் குறி. ஏன் புகைக்கிறாய் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: 'வீட்டில் ஒருத்தர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவளோடு நின்று பிடிக்கிற ஐந்து நிமிஷம்தான் நான் மூச்சு விடுகிறேன்.' முதல் சிகரெட் எங்கே கிடைத்தது என்ற இடத்தில் 'வீட்டில்' என்று போட்டிருந்தாள். அதுமட்டும் பொய். தோழியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அப்படிப் போட்டிருப்பாள்.

தாளை மடித்தபடியே மடித்து, பெட்டியை ஒட்டிவைத்தேன். குணேஸ்வரி வந்து நன்றி சொல்லி எடுத்துப் போனார்.

எனக்குப் புரிந்தது இதுதான். சிகரெட் பழக்கினவள்தான் மற்றதையும் பழக்கினாள். ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கும். அந்தப் பெண்ணைப் பிரித்துவிட வேண்டும். நான் போய்ச் சொன்னால் விநாயகமூர்த்தி ஐயா கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவார். மகளிடம் சண்டை போட்டால் அவள் என்னை வெறுப்பாள். அவள் என்னை வெறுக்கக் கூடாது என்பதற்காகத்தான், ஐயா, அவள் எழுதுவதுபோல எழுதினேன். 'உங்கள் மகள் எனக்குச் சிகரெட் பழக்கினாள். என்னைத் தவறான உறவுக்கு இழுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைக் காப்பாற்றுங்கள். லோகேஸ்வரி.' ஒரே தடவையில் எழுதினேன். அன்றைக்கே விநாயகமூர்த்தி ஐயா பேருக்குத் தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள் விநாயகமூர்த்தி ஐயா கடிதத்தோடு பரமேஸ்வரன் சார் அறைக்கு வந்துவிட்டார். இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்கள். தகப்பன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டுப் போய் நின்றேன்.

"நான் எழுதல சார். சத்தியமா நான் எழுதல," என்றாள் மகள்.

"அப்ப இது யார் எழுத்து?" விநாயகமூர்த்தி ஐயா கடிதத்தை மேசையில் வீசினார். "என் பிள்ளையின் பெயரைக் கெடுக்க வேண்டும் என்று எத்தனை நாளாக யோசித்தீர்கள்?"

பரமேஸ்வரன் சார் என்னைப் பார்த்தார். "தம்புசாமி, நீங்க சொல்லுங்க. இது உங்க மக எழுத்துதானே?"

"ஆமா சார்," என்றேன்.

சுதர்சினி அதுவரை தன் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் மகள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொல்லிருக்கலாமே லோகா. நானே போயிருப்பேன்லா," என்றாள். அழவில்லை. அவளை அன்றைக்கே சிரம்பானில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கேள்வி.

என் மகள் அந்தக் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வீட்டுக்கு நடக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"உங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தது யாரு பா?"

"நீதான் கண்ணு."

மறுநாள் நான் வேலைக்குப் போய் வருவதற்குள் போய்விட்டாள். பள்ளிக்கூடப் பையில் துணியை அடைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மேசையில் என் சிகரெட் பெட்டி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது பாருங்கள்.

காணோம் என்று உங்களிடம் புகார் கொடுத்தது நான்தான். நீங்கள் தேடிப் பார்த்து, பெண்கள் தங்கும் ஒரு இல்லத்தில் பத்திரமாக இருக்கிறாள், அடுத்த மாதம் பதினெட்டு ஆகிறது, அப்பாவைப் பார்க்க விருப்பமில்லையாம் என்றீர்கள். எந்த ஊர் என்று மட்டும் சொல்லவில்லை. பெற்றவனிடம் சொல்லக்கூடாத ஊர் என்ன ஊர்?

இதற்கு நடுவில் பெற்றோர்கள் சத்தம் போட்டு, யாரை விரும்புகிறாய் என்று கேட்ட குணேஸ்வரியின் ஆராய்ச்சித் தாளிலிருந்துதான் விஷயம் வெளியே போனது என்று அவர்மேல் பழி வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அது நியாயமில்லை. பெட்டியைத் திறந்தது நான். கடிதம் எழுதியது நான். சாருக்கு முன்னால் பொய் சொன்னது நான். இதை எழுதித் தருவதால் அந்தப் பெண்ணின் வேலை திரும்பக் கிடைக்குமானால் எனக்குச் சந்தோஷம்தான். என்னை அண்ணே என்று கூப்பிட்ட பெண்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு மறைக்கக் கூடாது.

சுதர்சினி தன் இலக்கிய நோட்டை எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தாள். அவள் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி அதிகம். பழக எனக்கு ஒன்பது நாள் ஆனது. மகளோடு தொடர்பு வைத்திருப்பது குணேஸ்வரி ஒருத்தர்தான் என்று சென்டர் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவரைத் தேடி பிரிக்பீல்ட்ஸ் போனேன். சுதர்சினி கொடுத்தனுப்பியது என்று ஒரு கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அவர் கண் கலங்கினார். "அண்ணே, நீங்களே இதக் கொண்டுவந்தீங்களே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே மகளிடம் சேர்த்துவிட்டதாக நேற்று போனில் சொன்னார்.

'உன்மேல் கோபம் இல்லை லோகா. வீட்டைவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வா. யாரிடமும் சொல்லாதே.' அவ்வளவுதான் எழுதினேன்.

வருவாள், ஐயா. அந்தப் பெண் கூப்பிட்டால் என் மகள் எங்கே இருந்தாலும் வருவாள், அது எனக்குத் தெரியும். நான் ஒன்பது மணிக்கே போய் நிற்பேன். அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன், வீட்டுக்குக் கூட்டிப்போய் வயிறாரச் சோறு போடுவேன். என்னைப் பார்த்ததும் அவள் திரும்பி ஓடினால், பிடித்துக் கொடுக்க உங்கள் ஆள் இரண்டு பேரை மட்டும் வாசலில் நிறுத்தி வையுங்கள்.