ரெண்டு தரம் முங்கின தாத்தா

பவானிபூரில் மினிபஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பாஸ்டரும் அவர் சம்சாரமும், மடியில் வேதப்புத்தகம். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் தமிழ் யாருக்குத் தெரியும் என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள். நான் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்குரியாவில் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிறார்களாம். எத்தனை தலைமுறையாகப் பெந்தெகொஸ்தே என்று கேட்டுத்தான் அந்த வீட்டார் பெண் எடுப்பார்களாம்.

அந்தம்மா சொன்னாள்: "உங்க தாத்தா ரெண்டு தரம் ஞானஸ்நானம் எடுத்ததை மட்டும் அங்க சொல்லாதிய."

"ஏன்? நாங்க நாலு தலைமுறை."

"முதல் தரம் முங்கி எழுந்து, ஈர வேட்டியோட கள்ளுக்கடைக்குப் போனாரே, அதையும் சொல்லுவியளா? எங்க பாட்டி ஒரே முழுக்கு. நகை ஆகாதுன்னு ஆத்தங்கரையிலேயே காதுப் பாம்படத்தைக் கழட்டிப் போட்டுட்டா."

"ஏட்டி, உன் பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே எங்க தாத்தாதான்."

"அது அவர் ரெண்டாவது முழுக்குக்கு அப்புறந்தானே?"

"இல்ல. ரெண்டுக்கும் நடுவில."

பஸ் கரியாஹாட் தாண்டியது. அந்தம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ரெண்டு வீட்டுக் கதையும் வேண்டாம். நம்ம பிள்ளை நல்லாப் பாடும்னு சொல்லுவோம்."

பாஸ்டர் மெதுவாக, "ஆமென்" என்றார்.